மாத்திரைக்கு வைத்த பெயர் பத்திரிகைக்குப் போனது எப்படி? யார் இந்த ஹென்றி வெல்கம்?

'டேப்ளாய்டு' என்றதும் பரபரப்புச் செய்தி போடும் சின்ன சைஸ் பத்திரிகைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனா அந்தச் சொல் பிறந்தது ஒரு மருந்து கம்பெனியில். 1884-ல் அதை உருவாக்கி டிரேட்மார்க்காகப் பதிவு செய்தவர் ஹென்றி வெல்கம்.

1853-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், மரக்கட்டைகளால் கட்டிய வீட்டில் பிறந்தவர். 16 வயதிலேயே கண்ணுக்குத் தெரியாத மை என்று விளம்பரம் செய்து விற்றார். உள்ளே இருந்தது எலுமிச்சைச் சாறு! பார்மசி படித்து, மருந்து விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, 1880-ல் லண்டனுக்குப் போய் நண்பர் சைலஸ் பரோஸுடன் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்.

அந்தக் காலத்தில் மருந்துக்கடைக்காரர் பொடியை அரைத்து, பிசைந்து, கையாலேயே உருட்டித் தருவார். ஒரு உருண்டையில் மருந்து கூட இருக்கும், இன்னொன்றில் குறைவாக இருக்கும். நாள்பட்டால் கல்லாக இறுகி, வயிற்றில் கரையாமலேயே வெளியே வந்துவிடும். அபின் மாதிரி வீரியமான மருந்தில் அளவு தப்பினால் உயிருக்கே ஆபத்து.

பொடியை அச்சில் போட்டு அழுத்தும் முறைக்கு 1843-லேயே வில்லியம் பிராக்கிடன் என்ற ஆங்கிலேய ஓவியர் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆமாம், ஓவியர்தான்!

கேட்க ஈஸியாக இருக்கும். ஆனா பொடி தண்ணீர் மாதிரி ஓடாது. மெஷின் ஒவ்வொரு மாத்திரையையும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. அச்சுக்குழி நிறைந்தால் அதுதான் அளவு. ரொம்ப நைசான பொடி ஒட்டிக்கொண்டு குழியைச் சரியாக நிரப்பாது. பெரிய துகளும் சின்ன துகளும் கலந்திருந்தால், மிக்சர் டப்பாவைக் குலுக்கும்போது தூளெல்லாம் அடிக்குப் போகிற மாதிரி மருந்தும் தனியாகப் பிரிந்துவிடும். அதனால் பொடியை ஈரமாக்கி, குருணையாக்கி, காயவைத்து அழுத்துவார்கள். அழுத்தம் குறைந்தால் மாத்திரை உதிரும், கூடினால் கரையாது. தண்ணீர் பட்டால் உப்பும் ஸ்டார்ச்சைச் சேர்ப்பது, வயிற்றுக்குள் போனதும் மாத்திரை உடைவதற்காக.

முதலில் அமெரிக்காவிலிருந்து மாத்திரைகளை இறக்குமதி செய்த பரோஸ்-வெல்கம் கம்பெனி, 1883-ல் லண்டனிலேயே தயாரிக்க ஆரம்பித்தது. டேப்ளாய்டு பெயரில் மருந்து மட்டுமா? டீத்தூள், போட்டோ கழுவும் ரசாயனம் எல்லாமே வந்தன. ஆப்பிரிக்கா போன ஸ்டான்லிக்கு மருந்துப் பெட்டி கொடுத்து அதையே விளம்பரமாக்கியது வெல்கமின் கில்லாடித்தனம்.

இடையில் நண்பர்களுக்குள் முட்டிக்கொண்டது. பங்குதாரர் உறவை முறிக்க பரோஸ் போட்ட வழக்கு 1889-ல் வெல்கமுக்குச் சாதகமாக முடிந்தது. 1895-ல் பரோஸ் இறந்த பிறகு கம்பெனி முழுக்க வெல்கம் கைக்கு வந்தது.

ஆனா சொல் கை நழுவிக்கொண்டிருந்தது. எதைச் சுருக்கினாலும் மக்கள் டேப்ளாய்டு என்றார்கள். 1901 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் 'வேர்ல்டு' நாளிதழைச் சிறிய அளவில், சுருக்கமான செய்திகளோடு கொண்டுவந்த ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த் அதைப் பத்திரிகைப் பக்கம் இழுத்துவிட்டார். இன்னொரு மருந்து வியாபாரி மீது வெல்கம் தொடுத்த வழக்கில் 1903-ல் டிரேட்மார்க் பிழைத்தது. கோர்ட்டுக்கு வெளியே பேசும் வாய்களை யார் தடுப்பது?

1936-ல் அவர் இறந்தபோது, உயில்படி கம்பெனி ஓர் அறக்கட்டளைக்குப் போனது. மருத்துவ ஆராய்ச்சிக்கு இன்றும் நிதி கொடுக்கும் வெல்கம் டிரஸ்ட் அதுதான்.