பொன் மொழிபெயர்ப்புத் தந்த பப்ரிசியஸ் ஐயர்

கடவுளைத் தமிழில் எச்சொல்லால் அழைப்பது என்னும் வினா, 1706ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்திறங்கிய காலந்தொட்டு, விவிலியத்தைத் தமிழாக்க முனைந்தோர் அனைவரையும் அலைக்கழித்த வினாவாகும். நம் தங்கவயலில் தெலுங்கு அன்பர்கள் தம் வேதத்தில் தேவுடு என்றும், கன்னட அன்பர்கள் தேவரு என்றும் படித்து அமைதியாக இருக்கின்றனர். தமிழராகிய நாமோ ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக இச்சொல்லைப் பற்றி வழக்காடி வந்துள்ளோம். அவ்வழக்கின் நடுவே நிற்கும் பெரியார், ஜெர்மானியராகிய யோகான் பிலிப் பப்ரிசியஸ் ஐயர்.

அவர் 1711ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22ஆம் நாள் பிறந்தார். முதலில் சட்டமும், பின்னர் ஹாலே நகரில் இறையியலும் பயின்று, 1740இல் தமிழகம் வந்தார். 1742இல் சென்னை சேர்ந்தவர் வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கினார், மணஞ்செய்து கொள்ளவில்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, தம் சபையாருடன் டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த பழவேற்காட்டிற்கு ஏகினார். 1758இல் லாலி படையெடுத்து வந்தபோதும் அதே துன்பம். இத்தகைய அமளிக்கிடையேதான் மொழிபெயர்ப்புப் பணி நடந்தது என்பதை நினைக்குங்கால் வியப்பு மேலிடுகிறது.

சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டை 1715க்குள் அச்சிட்டு முடித்திருந்தார். அவர் குறையாக விட்ட பழைய ஏற்பாட்டைச் சுல்ட்சே ஐயர் முடித்தார். ஆயினும் அந்நடை தமிழர் செவிக்கு இனிமையாக இல்லை. பப்ரிசியஸ் ஐயர் மூலமொழிகளைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழறிந்தோர் துணையுடன் சொல் சொல்லாக அதனைத் திருத்தி எழுதினார். முன்னவர் ஆண்ட சர்வேசுரன் என்னும் சொல்லை விடுத்துப் பராபரன் என்னும் சொல்லை அவர் எடுத்தாண்டார். தாயுமான அடிகள் பராபரக்கண்ணி பாடிய அதே நூற்றாண்டில், ஓர் ஐரோப்பியர் அச்சொல்லைத் தேர்ந்தார் என்றால், அவர் தமிழ்ச் சொற்களை எவ்வளவு கூர்ந்து நோக்கியிருத்தல் வேண்டும்! பின்னர் 1871இல் பவர் ஐயர் தலைமையில் முற்றுப்பெற்ற திருப்புதலில் தேவன் என்னும் சொல் இடம்பெற்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு கடவுள் என்றே குறிக்கிறது. தேவர்கள் பலர் எனக் கேட்டுப் பழகிய நம் நாட்டில், ஒருவனே ஆகிய பரம்பொருளைக் குறிக்கப் பராபரனே ஏற்ற சொல் என்பது நம் கருத்து. மாறுபடும் அன்பர் பொறுத்தருள்க.

பெயர் மட்டுமா இடர்? பனி பெய்து நிலம் வெளுப்பதைக் காணாத மக்களுக்கு அந்த வெண்மையை எவ்வாறு சொல்வது? இன்று பலர் கையிலுள்ள பழைய திருப்புதல் அதனை உறைந்த மழை என்கிறது. ஒரே கிரேக்கச் சொல் ஓரிடத்தில் அப்பம் ஆகிறது. கர்த்தர் கற்பித்த செபத்தில் ஆகாரம் ஆகிறது. அரிசிச் சோறு உண்பவன் கோதுமை ரொட்டிக்காக ஏன் வேண்டுவான்?

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை வென்றபோது அங்கிருந்து கொணர்ந்த அச்சுப்பொறி, அரசாங்க வேலைக்கு முதலிடம் தரவேண்டும் என்னும் நிபந்தனையுடன், வேப்பேரியில் ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. ஏறக்குறைய 9,000 சொற்கள் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வந்தது. ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் பலவற்றையும், அவற்றின் பழைய இராகத்திலேயே பாடும்படி அவர் தமிழாக்கினார்.

இனிக் கூறவிருப்பது வருத்தத்திற்குரியது. சொல்லை இத்துணை நுணுக்கமாக எடைபோட்ட பெரியார், பணத்தை எடைபோட அறிந்திலர். பிறர் நம்பி ஒப்படைத்த தொகைகளை அவர் வட்டிக்குக் கொடுக்க, வாங்கியவர் திருப்பித் தரவில்லை. சட்டம் படித்த அவரே முதுமையில் கடனுக்காகச் சிறையிருக்க நேர்ந்தது. நாள்தோறும் கணக்கேடு புரட்டும் தொழிலிலுள்ள நாம் இதனைச் சிறு பிழை என்று தள்ளிவிட இயலாது. இழந்த பணம் அவருடையதன்று. ஆயினும் அதில் ஒரு காசும் அவர் தம் சுகத்துக்குச் செலவிட்டதாகத் தெரியவில்லை. அவரைப் போற்றி எழுதுவோர் சிலர் இப்பகுதியை மறைத்து விடுகின்றனர். நாம் அதனை விரும்பவில்லை.

1788இல் கெரிக்கே ஐயர் பணிப்பொறுப்பை ஏற்றுக்கொண்டார். எண்பது ஆண்டு நிறைந்த மறுநாள், 1791 சனவரி 23இல், பப்ரிசியஸ் ஐயர் சென்னையில் காலமானார். அவருடைய பழைய ஏற்பாடு முழுமையும் அச்சேறி முடிந்தது அதன்பின் 1796இல்தான். புதிய திருப்புதல் வந்த பின்னரும் லுத்தரன் சபையார் நெடுங்காலம் அதனை ஏற்காது, பொன் மொழிபெயர்ப்பு எனப் பெயர் பெற்ற பப்ரிசியஸ் ஐயரின் வேதத்தையே ஓதி வந்தனர். அவர் அகராதியோ, பிற்காலத்தார் கைகளில் பெருகி வளர்ந்து, 1972இல் தரங்கம்பாடியில் மீண்டும் பதிப்பிக்கப் பெற்றது. தமிழ் ஆராய்வோர் இன்றும் அதனைப் புரட்டுகின்றனர். சென்னை புரசைவாக்கத்தில் அவர் பெயர் தாங்கிய பள்ளியொன்று உள்ளது.