நட்சத்திரக் கணக்கு போட்டவர்

ஒரு பாடத்தை ஆசை தீரப் படித்து, அதில் ஒரு பெரிய புத்தகமும் எழுதிவிட்டு, உடனே அடுத்த பாடத்துக்குத் தாவிய விஞ்ஞானி ஒருவர் இருந்தார், தெரியுமா குட்டீஸ்? அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

1910-ல் லாகூரில் பிறந்தாலும், வளர்ந்ததும் படித்ததும் சென்னையில்தான். சர் சி.வி.ராமன் இவருக்குச் சித்தப்பா. மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கிய கையோடு, 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். வயது 19. நீண்ட பயணம். பொழுது போக வேண்டுமே! நட்சத்திரக் கணக்கு போட ஆரம்பித்தார்.

எரிபொருள் தீர்ந்ததும் நட்சத்திரம் சுருங்கி, பூமி அளவுள்ள ‘வெள்ளைக் குள்ளன்’ ஆகிவிடும். எல்லா நட்சத்திரங்களுக்கும் இதுதான் முடிவு என்று அப்போது நினைத்தார்கள். சந்திரசேகரின் கணக்கோ வேறு விடை தந்தது. மிஞ்சும் நிறை சூரியனைவிடச் சுமார் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால், அது வெள்ளைக் குள்ளனாக நிற்காது. மேலும் மேலும் சுருங்கும்! கருந்துளை என்ற பெயர்கூட இல்லாத காலம் அது.

1935 ஜனவரியில் லண்டனில் வானியல் அறிஞர்கள் முன்னால் இதை விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன், அன்றைய வானியலின் பெரிய தலை. சந்திரசேகரின் ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று அடிக்கடி விசாரித்து வந்தவரும் அவரே. ஆனால் அன்று, நட்சத்திரம் அப்படியெல்லாம் நடந்துகொள்ளாது என்று கேலி செய்தார். சபை சிரித்தது. 24 வயது இளைஞருக்கு எப்படி இருந்திருக்கும்!

அவர் சண்டையை நீட்டவில்லை. எடிங்டனின் நட்பையும் முறிக்கவில்லை. 1937-ல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1939-ல் தன் கணக்கையெல்லாம் புத்தகமாக்கிவிட்டு, வேறு துறைக்குப் போய்விட்டார். நட்சத்திரக் கூட்டங்களின் அசைவு, வானத்தில் ஒளி சிதறும் விதம், சூடாகும் திரவங்களின் கொந்தளிப்பு, சுழலும் கோளங்களின் வடிவம் என்று வரிசையாகப் புகுந்து விளையாடினார். கடைசியில் வந்து நின்றது எங்கே? கருந்துளையில்! 1983-ல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. அதே ஆண்டு நோபல் பரிசும் கிடைத்தது. பாதிப் பரிசு வில்லியம் ஃபவுலருக்கு. 1999-ல் விண்ணுக்குப் போன எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு இவர் நினைவாகத்தான் ‘சந்திரா’ என்று பெயர்.

அதற்குப் பிறகாவது ஓய்வெடுத்தாரா? நியூட்டனின் ‘பிரின்சிபியா’வைக் கையில் எடுத்தார். நியூட்டனின் நிரூபணத்தை முதலில் பார்க்க மாட்டார். தானே போட்டு முடித்துவிட்டுத்தான் ஒப்பிடுவார். அந்தப் புத்தகம் 1995-ல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று, 84 வயதில் சந்திரசேகர் காலமானார்.