நோப்சா பிரபு

ராஜ்யங்கள் தோன்றி மறைகின்றன, ஜமீன்கள் கைமாறுகின்றன. ஒருவன் உழைத்துக் கண்ட உண்மையோ அவனுக்குப் பின்னும் நிலைக்கிறது. பெரென்ஸ் நோப்சாவின் சரித்திரம் இதற்குச் சான்றாகும்.

அவர் 1877-ம் வருஷம், அப்போது ஹங்கேரியைச் சேர்ந்திருந்த திரான்ஸில்வேனியாவில் பிரபு குடும்பத்தில் பிறந்தார். 1895-ல் அவருடைய சகோதரி இலோனா, குடும்ப நிலத்தில் சில எலும்புகளைக் கண்டெடுத்தாள். நோப்சா அவற்றை வியன்னா சர்வகலாசாலைக்கு எடுத்துச் சென்று, பூகர்ப்ப சாஸ்திரத்தில் புகழ்பெற்ற எட்வர்ட் ஸூயஸிடம் காட்டினார். அவற்றை ஆராயும் பொறுப்பை ஸூயஸ் அந்த வாலிபரிடமே ஒப்புவித்தார்.

அவ்வெலும்புகளில் தலையாயது ஒரு மண்டையோடு. உடற்கூறு சாஸ்திரத்தைத் தாமே முயன்று கற்ற நோப்சா, அதன் தாடையையும் பல்வரிசையையும் நுணுகி நோக்கி, அது தாவரம் தின்று வாழ்ந்த டைனோசாருடையது எனத் தெளிந்தார். 1899-ல் தமது முடிவை வியன்னா விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தபோது அவருக்கு வயது 22. முதலில் அவர் இட்ட பெயர் முன்னரே ஒரு முதலைக்குச் சூட்டப்பட்டிருந்தது. ஆகவே 1903-ல் அதை டெல்மடோஸாரஸ் என மாற்றினார்.

அப்பிராந்தியத்து டைனோசார்கள் தம் இனத்தாரினும் சிறியவையாயிருந்தது ஏன்? சுமார் 7 கோடி வருஷங்களுக்கு முன் அவ்விடம் கடல் சூழ்ந்த தீவாயிருந்தது. குறுகிய நிலத்தில் பெரிய பிராணிகள் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்தன என்று 1914-ல் எழுதினார். அவை குட்டிகளின் எலும்புகளே என்று பின்னாளில் சிலர் ஆட்சேபித்தனர். 2010-ல், அங்கு கிடைத்த மாகியாரோஸாரஸ் என்னும் மற்றொரு டைனோசாரின் எலும்புகளை மெல்லியதாய் அறுத்துப் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்தவர்கள், அவை வளர்ச்சி முற்றியவற்றின் எலும்புகளே என்று கண்டனர். நோப்சாவின் கொள்கை வலுப்பெற்றது.

அவரது வாழ்க்கையோ வீழ்ச்சியில் முடிந்தது. 1913-ல் அல்பேனியாவின் சிம்மாசனத்தை நாடினார், கிட்டவில்லை. முதல் மகாயுத்தத்துக்குப் பின் திரான்ஸில்வேனியா ருமேனியாவுடன் சேர, பரம்பரைச் சொத்தை இழந்தார். 1925 முதல் 1929 வரை ஹங்கேரிய பூகர்ப்பக் கழகத்தின் தலைவராயிருந்தார். 1933-ல் வியன்னாவில், நெடுங்காலம் தமக்குக் காரியதரிசியாயிருந்த பஜாஸித் டோடாவைக் கொன்று தம்முயிரையும் மாய்த்துக்கொண்டார். இக்கொடுஞ்செயலை அவரது கல்வியைக் காட்டி மறைத்தல் தகாது. இதைக் காட்டி அவரது கல்வியைப் புறக்கணித்தலும் தகாது.

அவர் நாடிய முடி கிட்டவில்லை. பிறந்த மண்ணும் கைவிட்டுப் போயிற்று. அவர் முதன்முதல் ஆராய்ந்த அந்த மண்டையோடு மட்டும் லண்டன் காட்சிசாலையில் இன்றும் இருக்கிறது. ஆராய்வோர் அவர் பெயரைச் சொல்லியே அதை அணுகுகின்றனர்.