மதுரையை ஆண்ட கான் சாகிபு

ராஜபாளையத்திலிருந்து குற்றாலத்துக்குப் பஸ்சில் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? சேத்தூரைத் தாண்டினால் சிவகிரி வரும். அடுத்து வாசுதேவநல்லூர். மேற்கே நீளமாக மலைத்தொடர். இந்த வாசுதேவநல்லூரில் 1760-ம் ஆண்டு கடைசியில் ஒரு பெரிய பீரங்கிச் சண்டை நடந்தது. கோட்டைக்குள்ளே இருந்தவர்கள் பூலித்தேவரின் வீரர்கள். வெளியே பீரங்கிகளோடு நின்றவர் யூசுப் கான். மக்கள் அவரைக் கான் சாகிபு என்று அழைத்தார்கள். மருதநாயகம் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று தெரியும்!

ராமநாதபுரம் சீமையில் உள்ள பனையூரில் சுமார் 1725-ல் பிறந்தவர் அவர். இளம் வயதிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டார். இஸ்லாத்தைத் தழுவி முகம்மது யூசுப் கான் ஆனார். கொஞ்ச காலம் புதுச்சேரியில் இருந்தார். பிறகு சிப்பாய் ஆனார்.

அப்போது ஆற்காடு நவாப் பதவிக்குப் போட்டி. சந்தா சாகிபுவுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை, முகம்மது அலிக்கு ஆங்கிலேயக் கம்பெனி துணை. யூசுப் கான் 1752-ல் கம்பெனிப் படையில் சேர்ந்தார். திருச்சி முற்றுகையின்போது, புதுக்கோட்டைப் பக்கமிருந்து வரும் உணவு வண்டிகள்தான் கோட்டைக்கு உயிர். எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவி அவற்றைக் கொண்டு வந்து சேர்த்தவர் யூசுப் கான். கம்பெனி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. இந்தியச் சிப்பாய்களுக்கெல்லாம் தளபதியாகவும் ஆக்கியது. பிரெஞ்சுத் தளபதி லாலி 1758-ல் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே சுற்றிச் சுற்றி வந்து அவருடைய உணவுப் பொருள்களை மறித்தவரும் இவரே.

1759-ல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்கு ஆளுநரானார். இன்றைய கவர்னர் பதவி மாதிரி மாதச் சம்பளம் வாங்கும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இது குத்தகை! ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் கட்டிவிட வேண்டும். அந்தப் பணத்தை ஊர் ஊராக வரியாக வசூலிப்பது ஆளுநர் பாடு.

வரி எங்கிருந்து வரும்? நிலத்திலிருந்துதான். குளம் உடைந்து கிடந்தால் நெல் இல்லை. நெல் இல்லையென்றால் வரியும் இல்லை. அதனால் யூசுப் கான் குளங்களையும் கால்வாய்களையும் சரி செய்தார். கொள்ளைக்காரர்களை ஒடுக்கினார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு நின்று போயிருந்த மானியங்களைத் திரும்பக் கொடுத்தார். ஆனால் பாளையக்காரர்கள் வரி கட்ட வேண்டுமே! நெற்கட்டும்செவல் பூலித்தேவர் முடியாது என்றார். நெல் கட்ட மறுத்ததால் ஊருக்கு நெற்கட்டான்செவல் என்றே பெயர் வந்தது என்பார்கள்.

வாசுதேவநல்லூர்க் கோட்டை வெறும் மண் கோட்டை. பீரங்கிக் குண்டு பட்டால் கல் சுவர் உடைந்து சிதறும். மண் சுவரோ குண்டை அப்படியே விழுங்கிக்கொள்ளும்! பூலித்தேவரின் இன்னொரு படை பின்னாலிருந்தும் தாக்கியது. யூசுப் கான் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. ஆனால் விடவில்லை. 1761 மே மாதத்தில் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் அவர் கைக்கு வந்துவிட்டன.

தன் மண்ணுக்காகப் போராடியவரைக் கம்பெனிக்காக அடக்கியவரை வீரர் என்று சொல்லலாமா? பொறுங்கள், கதை இன்னும் முடியவில்லை.

யூசுப் கானின் செல்வாக்கு வளர்ந்தது. ஆண்டுக்கு 7 லட்சம் தருகிறேன், குத்தகையை நீட்டித்துத் தாருங்கள் என்று கேட்டார். கிடைக்கவில்லை. நவாப் முகம்மது அலிக்கு அவர் மேல் பொறாமை, பயம். இனி நவாபுக்கு அடங்கித்தான் நடக்க வேண்டும் என்றது கம்பெனி. எந்த நவாபுக்காகத் திருச்சியில் உயிரைப் பணயம் வைத்தாரோ, அதே நவாப்! யூசுப் கான் மறுத்துவிட்டார். 1763-ல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது.

கம்பெனியும் நவாபும் படையோடு வந்தார்கள். 1763-ல் முதல் முற்றுகை தோற்றது. மறு ஆண்டு மீண்டும் வந்தார்கள். 1764 ஜூனில் நடந்த பெரிய தாக்குதலையும் யூசுப் கான் முறியடித்தார். அதன் பிறகு எதிரிகள் சுவரை இடிக்க முயலவில்லை; உள்ளே ஒரு மூட்டை தானியமும் போகாமல் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். திருச்சிக்கு உணவு கொண்டுபோன கெட்டிக்காரருக்குத் தன் கோட்டைக்கு உணவு கொண்டுவர வழியில்லை. பட்டினி வந்தது. கூடவே துரோகமும் வந்தது. அவருடைய திவான் சீனிவாச ராவும், அவரிடமே வேலை பார்த்த பிரெஞ்சு அதிகாரி மார்ஷானும் சேர்ந்து சதி செய்தனர். 1764 அக்டோபர் 13 அன்று, தொழுகையில் இருந்தவரைப் பிடித்துக் கட்டி எதிரிகளிடம் ஒப்படைத்தார்கள். 15-ம் தேதி மதுரைக்கு வெளியே தூக்கிலிட்டார்கள். கயிறு இரண்டு முறை அறுந்தது, மூன்றாவது முறைதான் உயிர் போனது என்று மக்கள் கதை சொன்னார்கள்.

மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடத்தில் 1808-ல் பள்ளிவாசல் கட்டப்பட்டது. அவருடைய போரைப் பற்றிக் கான்சாகிபு சண்டை என்றொரு நாட்டுப்புறக் கதைப்பாடல் உண்டு. மதுரையில் கான்சா மேட்டுத் தெரு, கான்பாளையம் என்ற பெயர்களைப் பார்த்தால் நின்று படியுங்கள். அந்தக் கான் இவர்தான்.