அண்ணலை அடையாளம் கண்ட ஆசிரியர்

குடத்திலிட்ட விளக்கைக் குன்றின்மேல் ஏற்ற ஒரு கை வேண்டும். அண்ணல் அம்பேத்கரின் வாழ்வு ஆசிரியர்களாகிய நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.

அண்ணல் 1891 ஏப்ரல் 14ஆம் நாள் மோவ் படைமுகாமில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி, படைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். சதாராப் பள்ளியில் சிறுவர் பீமராவ், வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்கின்மீது தனியே அமர்ந்தார். தண்ணீரைத் தொடவும் உரிமையில்லை. பணியாள் ஊற்றினால்தான் தாகம் தீரும். பின்னர் பம்பாய் எல்பின்ஸ்டன் அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே வடமொழி பயில விரும்பியும் மறுக்கப்பட்டமையால் பாரசீகம் பயின்றார். பரேலில் ஒற்றை அறையில் குடித்தனம். பின்னிரவு 2 மணிக்குத் தந்தையார் எழுப்பிவிட, விளக்கொளியில் படிப்பார்.

1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பெற்ற மதிப்பெண் 750க்கு 282. மதிப்பெண் பட்டியலை மட்டும் நோக்கும் எவரும் இவரைச் சிறந்த மாணாக்கர் எனக் குறித்திருக்கமாட்டார். ஆனால், மாலைவேளைகளில் பூங்காவில் அமர்ந்து நூல்களில் ஆழ்ந்திருந்த இவரை, வேறொரு பள்ளியின் ஆசிரியரான கேளுஸ்கர் கவனித்துவந்தார். தேர்ச்சியைப் பாராட்டிய கூட்டத்தில், தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். கல்லூரிச் செலவுக்கு வழியின்றித் தந்தையார் திகைத்தபோது, பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அழைத்துச் சென்றார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1912இல் பி.ஏ. பட்டம், 1913இல் அம்மன்னரின் உதவியாலேயே அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம், 1923இல் இலண்டனில் டி.எஸ்ஸி. பட்டம்.

தாம் படித்த பள்ளி காணத் தவறியதை அயலார் ஒருவர் கண்டார். தமக்குத் தற்செயலாய் வாய்த்த அந்நலம் பிறருக்கு முறையாகவே கிடைத்திட அண்ணல் பாடுபட்டார். அவர் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல், தாழ்த்தப்பட்ட மாணாக்கர்க்கு மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார்.

பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்ற நாம் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். கடைசி வரிசையில் வாய்திறவாதிருந்த பிள்ளையை மந்தமென்று தள்ளிய நாட்கள் நமக்கும் உண்டு. அப்பிள்ளையின் வீட்டில் விளக்குண்டா, நூலுண்டா என்று நாம் கேட்டதில்லை. கேளுஸ்கரும் அவ்வாறே பூங்காவைக் கடந்து போயிருந்தால் நமக்கு நேர்ந்திருக்கும் இழப்பு எத்தகையது!

வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் மதிப்பெண்ணோடு நின்றுவிடலாகாது. பிள்ளைகளைத் தேடிச் செல்க. அவர்தம் வீட்டு நிலையை அறிக. கட்டணம் கட்டும் நாளுக்கு முன்பே கைகொடுக்க. அண்ணலுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.