ஸ்டூடன்ட் என்ற பெயரில் எழுதிய பீர்க்காரர்

நாலாவது செமஸ்டர் கணக்கு பேப்பரில் டி-டெஸ்ட் போட்டிருப்பீங்க. சாம்பிள் முப்பதுக்குக் கீழே இருந்தா டி, மேலே இருந்தா இசட். டேபிளைப் பாரு, நம்ம வேல்யூ பெருசா சின்னதான்னு பாரு, கடைசி வரி எழுது, அடுத்த கணக்குக்குப் போ. புத்தகத்தில் அதுக்கு முழுப்பெயர் ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட். பசங்களுக்காக எளிமையாக்கின டெஸ்ட் போலன்னு நினைச்சிருந்தீங்கன்னா, இல்லை. ஸ்டூடன்ட் என்பது ஒரு ஆளோட பெயர். அதுவும் புனைபெயர். அந்த ஆள் மாணவரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. டப்ளினில் கின்னஸ் கம்பெனியில் பீர் காய்ச்சினவர். வில்லியம் சீலி காசெட்.

1876 ஜூன் 13 அன்று இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் இன்ஜினீயர், கர்னல் பதவி. பையனுக்கும் அதே ராயல் இன்ஜினீயர்ஸ் படையில் சேரத்தான் ஆசை. கண் பார்வை போதாது என்பதால் அந்தக் கதவு மூடிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு போனார், கணிதமும் வேதியியலும் படித்தார், 1899-ல் வேதியியலில் முதல் வகுப்பு. கின்னஸ் அந்தச் சமயத்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் அறிவியல் முடித்த பையன்களைத் தேடித்தேடி எடுத்துக்கொண்டிருந்தது. நம்ம பாஷையில் சொன்னா, கோர் கம்பெனி பிளேஸ்மென்ட். அதே வருஷம் டப்ளினுக்குப் போனவர், சாகிற வரை வேறு கம்பெனிக்கு மாறவே இல்லை.

பீர் எப்படி வருதுன்னு கொஞ்சம் தெரிந்தால்தான் அங்கே அவர் எதில் மாட்டினார் என்பது புரியும். அதனால் ஒரு சின்ன சுற்று.

பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது பல பேருக்குப் பொழுதுபோக்கு. (நம்ம ஊர்ல அது சட்டப்படி குற்றம். படிக்கிறதோட நிறுத்திக்கோங்க.) புதுசா ஆரம்பிக்கிறவங்க கிட் வாங்குவாங்க. டின்னுக்குள்ளே தேன் மாதிரி கெட்டியான மால்ட் சாறு இருக்கும். ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவின் சாரம் அதில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். வெந்நீரில் கரைத்து, தண்ணீர் ஊற்றி இருபத்து மூன்று லிட்டர் ஆக்கி, ஈஸ்ட் தூவி மூடி வைத்தால் வேலை முடிந்தது. கடையில இட்லி மாவு பாக்கெட் வாங்குற மாதிரி.

சில மாதத்தில் அது போரடித்துவிடும். அப்புறம் தானியத்திலிருந்தே செய்து பார்க்கலாமேன்னு இறங்குவாங்க. மால்ட் என்பது முளைகட்டிக் காய வைத்த பார்லி. அதை உடைத்து, 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைக்கணும். தானியத்துக்குள்ளேயே இருக்கும் என்சைம்கள் ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்கிவிடும். ஒரு பெரிய பாத்திரம், ஒரு துணிப்பை, ஒரு தெர்மாமீட்டர் இருந்தா போதும். பையோடு ஊற வைத்து, பையைத் தூக்கி வடித்து, அந்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, ஈஸ்ட் சேர்ப்பாங்க. கேட்க சுலபமாத்தான் இருக்கு.

ஆனா கிட்ல வராத ஒரு கேள்வி இங்கே வரும். இந்த தானியத்திலிருந்து எவ்வளவு சர்க்கரை இறங்கிச்சு? அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க: அதே ஒரு படி உளுந்து, புதுசுன்னா மாவு நல்லா காணும், பழசுன்னா காணாது. பார்லியும் அப்படித்தான். ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்தால் போன தடவை வந்த அளவு இந்தத் தடவை வராது. மால்ட் மாறினதாலயா, உடைத்த பதம் மாறினதாலயா, வெந்நீர் சூடு இரண்டு டிகிரி குறைந்ததாலயா? கிட் வாங்கும்போது இந்தக் கவலையை டின் கம்பெனிக்காரன் நமக்காகப் பட்டிருப்பான். இப்போ அது நம்ம தலையில். புது மால்ட்டில் இரண்டே தடவை காய்ச்சிட்டு, இதுதான் பெஸ்ட் என்று முடிவு கட்டலாமா?

காசெட்டுக்கு வந்த கேள்வி இதேதான், அளவுதான் வேற. அப்போது உலகத்திலேயே பெரிய பீர் ஆலை கின்னஸ். மால்ட்டிலிருந்து இறங்கும் சாற்றை ஒரு டிகிரி கணக்கில் அளப்பார்கள், சுமார் 133 வர வேண்டும். சாறு கெட்டியானால் பீரில் சாராயமும் கூடும், அரசுக்குக் கட்டும் வரியும் கூடும். நீர்த்துப்போனால் குடிக்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். அரை டிகிரி அங்கே இங்கே போகலாம், அதுக்கு மேல் கூடாது. சரி, ஒரு மூட்டை மால்ட்டை எத்தனை தடவை அளந்தால் நம்பலாம்? நூறு தடவை அளக்க நேரமும் இல்லை, பணமும் இல்லை.

அந்தக் காலத்துப் புள்ளியியல் இந்த இடத்தில் கையை விரித்தது. அதன் சூத்திரங்கள் எல்லாம் நூற்றுக்கணக்கில் சாம்பிள் வைத்திருக்கிறவர்களுக்கானவை. காசெட் 1904-ல் கம்பெனிக்குள்ளேயே ஒரு அறிக்கை எழுதினார், பிழைகளின் கணக்கை ஆலை வேலையில் எப்படிப் பயன்படுத்தலாம் என்று. மால்ட் அளவுகளை வைத்து அவர் போட்டுப் பார்த்த கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு அளவின் சராசரி எடுத்தால், அது உண்மை அளவுக்கு அரை டிகிரிக்குள் இருக்க 4-க்கு 1 வாய்ப்பு. மூன்று எடுத்தால் 7-க்கு 1. நாலு எடுத்தால் 12-க்கு 1. எண்பத்திரண்டு எடுத்தால் கிட்டத்தட்ட நிச்சயம். ஆனா எவன் எண்பத்திரண்டு எடுப்பான்? லேபில் மூணு ரீடிங் எடுத்து ஆவரேஜ் போட்டு கையெழுத்து வாங்குறோமே, அந்த ஆவரேஜை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒருத்தர் உட்கார்ந்து யோசித்தது இப்படித்தான்.

1905 ஜூலையில் லீவில் இங்கிலாந்து வந்தவர், சுமார் முப்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து கார்ல் பியர்சனைப் பார்க்கப் போனார். பியர்சன் அன்றைக்குப் புள்ளியியலின் பெரிய தலை. அடுத்த வருஷம் கின்னஸே அவரை லண்டனுக்கு, பியர்சனிடம் படிக்க அனுப்பியது. 1906-ல் கல்யாணமும் ஆகிவிட்டது. மனைவி மார்ஜரி இங்கிலாந்து பெண்கள் ஹாக்கி அணியின் கேப்டனாக இருந்தவர்.

1907-ல் வந்த முதல் கட்டுரை ஈஸ்ட் பற்றியது. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு துளி விட்டு, 400 கட்டங்களில் ஈஸ்ட் செல்லை எண்ணுவது. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை விழும் என்று பார்த்தால், நம்ம சிலபஸில் வர்ற அதே பாய்சான் வந்து நின்றது.

1908 கட்டுரைதான் பெரியது. சின்ன சாம்பிளின் சராசரி எப்படித் தவறும் என்பதற்கு ஒரு சூத்திரம் ஊகித்துவிட்டார். முழு நிரூபணம் கையில் இல்லை. சரியா என்று பார்க்க கம்ப்யூட்டரும் இல்லை. 3000 கைதிகளின் உயரமும் இடது கை நடுவிரல் நீளமும் அடங்கிய பழைய பட்டியல் ஒன்று இருந்தது. மூவாயிரத்தையும் அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நாலு நாலாக எடுத்து 750 சாம்பிள் ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் கையால் கணக்குப் போட்டார். சூத்திரம் பொருந்தியது. இன்றைக்கு நாம பைத்தானில் மூன்று வரியில் செய்யும் சிமுலேஷன், அன்றைக்கு அட்டைத் துண்டு.

கட்டுரையில் அவர் பெயர் இல்லை. கம்பெனி ரகசியம் வெளியே போய்விடக்கூடாது என்று கின்னஸ் தன் ஊழியர்களைச் சொந்தப் பெயரில் எழுத விடவில்லை. பீர், கம்பெனி என்ற பேச்சும் வரக்கூடாது. கின்னஸில் இன்னொருத்தர் சோஃபிஸ்டர் என்ற பெயரில் எழுதினார், இவர் ஸ்டூடன்ட். பிளேஸ்மென்ட் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும்போது இந்த மாதிரி கண்டிஷனை நாம யாரும் படிக்கிறதே இல்லை, இல்லையா? எனக்கு என்னவோ இதைப் படிக்கும்போது அவர் சார்பில் கோபம் வருது. போட்டிக் கம்பெனிக்குத் தெரியக்கூடாத விஷயம் மால்ட்டோ ஹாப்ஸோ இல்லை, நாலே அளவை வைத்து முடிவெடுக்கத் தெரிந்த ஒரு ஆள் தங்களிடம் இருக்கிறார் என்பதுதான். அதனால் அந்த ஆளின் பெயர் மறைந்தது.

கட்டுரையைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பியர்சனுக்கே சின்ன சாம்பிளில் ஆர்வம் குறைவு. 1912-ல் கேம்பிரிட்ஜ் பையன் ஒருவன் அந்தச் சூத்திரத்துக்கு முழு நிரூபணம் எழுதி அனுப்பினான். பல பரிமாண ஜியோமெட்ரி. காசெட்டுக்குப் புரியவில்லை, புரியவில்லை என்று சொல்லியே பியர்சனுக்கு அனுப்பிவைத்தார். அந்தப் பையன் ரொனால்டு ஃபிஷர். காசெட்டின் இசட்டை டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்தோடு சேர்த்து, 1925-ல் நாம் இன்று பார்க்கும் டி ஆக்கினது அவர்தான். பியர்சனும் ஃபிஷரும் பிற்பாடு ஜென்ம விரோதிகள். இருவருக்கும் கடைசிவரை நண்பராக இருந்தவர் காசெட்.

ஃபிஷரோடு அவருக்கும் ஒரு வாதம் இருந்தது. பார்லி வயலில் வந்தது. இரண்டு ரகத்தில் எது நல்லது என்று பார்க்க, ஃபிஷர் குலுக்கல் முறையில் பாத்தி ஒதுக்கணும் என்றார். காசெட்டோ, அயர்லாந்து விவசாயிகளின் நிலத்தில் வருஷக்கணக்காக ரகங்களைப் போட்டுப் பார்த்தவர். மண் ஒரு பக்கம் வளமாகவும் ஒரு பக்கம் சப்பையாகவும் இருக்கும் என்பது கண்ணுக்குத் தெரியும்போது, இரண்டையும் அடுத்தடுத்துப் பட்டையாக விதைத்து, ஜோடி ஜோடியாக ஒப்பிடுவதே மேல் என்றார். எவ்வளவு உறுதி வேண்டும் என்பதிலும் அவருக்கு ஒரே எண் கிடையாது. முடிவு தப்பானால் எவ்வளவு நஷ்டம், இன்னொரு தடவை சோதிக்க எவ்வளவு செலவு, இரண்டையும் பார்த்துத்தான் சொல்வார். ஐந்து சதவீதம் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கும் நமக்கு இது கொஞ்சம் அதிர்ச்சி.

மற்றபடி வீட்டில் தோட்டம், பேரிக்காய் மரங்கள், தச்சு வேலை. மீன் பிடிக்க இரண்டு முனையிலும் சுக்கான் வைத்த படகு ஒன்றைத் தானே வடிவமைத்தார். 1934-ல் காரைக் கொண்டுபோய் விளக்குக் கம்பத்தில் இடித்துக் காலை உடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்தார், படுத்தபடியே கணக்குப் போட்டார். 1935-ல் லண்டனில் கின்னஸின் புது ஆலைக்கு மாற்றல். 1937-ல் தலைமைப் பொறுப்பு வந்தது. அதே வருஷம் அக்டோபர் 16, மாரடைப்பில் இறந்தார். வயது 61.

ஃபிஷரோடு நடந்த பார்லி வாதத்துக்கு அவர் எழுதி வைத்த பதில் அடுத்த வருஷம் அச்சில் வந்தது. அதிலும் ஆசிரியர் பெயர் ஸ்டூடன்ட்.