ஆயிரம் புதல்விகளின் தாய்

உடுவிலில் பெண்கல்வி வேரூன்றிய வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் ஹரியட் வின்ஸ்லோ அம்மையாரிலிருந்தே தொடங்குவர். அது நியாயமானதே. 1824இல் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை ஒன்றை அங்கே ஆரம்பித்தவர் அவர். மழைக்கு மிஷன் வீட்டில் ஒதுங்கிய இரண்டு சிறுமிகளிலிருந்து அது பிறந்ததாக வழங்கும் கதையை நம்மிற் பலர் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். ஆரம்பித்தவருக்கு இப்படி ஒரு கதை வாய்த்துவிடுகிறது. ஆரம்பித்ததை அணையாமல் காத்தவருக்கு அவ்வளவு இலகுவில் கதை அமைவதில்லை. எலைசா அக்னியூ அம்மையார் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்.

அவர் 1807இல் நியூயோர்க் நகரிற் பிறந்தார். எட்டு வயதில், பூமிசாஸ்திர வகுப்பில், ஆசிரியர் உலகப்படத்தில் மிஷன் ஊழியம் நடைபெறும் இடங்களைத் தொட்டுக் காட்டினாராம். தானும் ஒருநாள் அப்படியொரு தேசத்துக்குப் போவதென்று அந்தச் சிறுமி தீர்மானித்துக்கொண்டாள். எட்டு வயதில் இப்படித் தீர்மானிக்கும் பிள்ளைகள் அநேகர். பன்னிரண்டு வயதில் அது மறந்துபோகும். இவர் மறக்கவில்லை, ஆனால் புறப்படவும் இல்லை. பெற்றோர் இருந்தார்கள், அவர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் இருவரும் காலமான பின்னரே, முப்பத்திரண்டு வயதில், 1839ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பொஸ்ரனில் கப்பலேறினார். 1840 தை மாதம் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருடைய வாழ்க்கையைச் சொல்வோர் இந்தக் காத்திருந்த காலத்தை ஒரு வரியிற் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ பின்னால் வந்த நாற்பது வருடங்களுக்கான பயிற்சி அங்கேதான் நடந்தது என்று தோன்றுகிறது. அழைப்பு தூரதேசத்துக்கு என்று நம்பிய ஒருத்தி, வீட்டிலுள்ள வயோதிபரைப் பராமரிப்பதையும் அழைப்புக்குக் குறுக்கே வந்த தடையாக எண்ணவில்லை.

இலங்கைக்கு வந்த முதல் மணமாகாத பெண் மிஷனரிகளுள் அவர் ஒருவர். அதற்கு முன் வந்த பெண்களிற் பெரும்பாலோர் மிஷனரிகளின் மனைவியராக வந்தவர்கள். தனியாய் வந்த ஒரு பெண்ணை அக்கால யாழ்ப்பாணம் எப்படிப் பார்த்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

1842இல் உடுவில் பாடசாலையின் பொறுப்பு அவரிடம் வந்தது. அது வெறுமையான வீடு அல்ல. 1833இல் வின்ஸ்லோ அம்மையார் இறந்தபின் பாடசாலையைப் பராமரித்தவர்கள் வண. லீவை ஸ்போல்டிங் அவர்களும் அவருடைய துணைவியாரும். 1820 முதல் யாழ்ப்பாணத்தில் உழைத்த அத்தம்பதியர் எழுபதுகளில் இறக்கும்வரை தம் ஊழியத்தைக் கைவிடவில்லை. பாடசாலை அலுவல் புதியவரிடம், பட்டறிவும் ஊரின் மரியாதையும் பழையவர்களிடம். இப்படியாக ஏறத்தாழ முப்பது வருடம். முன்னைய அதிபர் அடுத்த வீட்டில் இருக்கத் தாம் அதிபராயிருந்து பார்த்தவர்களுக்கு இதன் பாரம் விளங்கும்! தலைமைத்துவம் பற்றிய கருத்தரங்குகளில் இதை யாரும் கற்பிப்பதாகத் தெரியவில்லை.

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் பெயர் நிலைக்கும் வேலை செய்தவர்கள். ஸ்போல்டிங் அகராதி தந்தார். மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழிலே ஆக்கினார். வட்டுக்கோட்டை செமினரி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரை உருவாக்கியது. வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் பாடசாலைகள் பிள்ளைகளைத் தம் சமயத்திலிருந்து பிரிக்கின்றன என்ற சைவப் பெற்றோரின் மனவருத்தம் அதற்குப் பின்னால் இருந்தது. அந்த வருத்தம் உண்மையானது என்பதைக் கிறிஸ்தவர்களாகிய நாமும் ஒப்புக்கொள்வதே நேர்மை.

இவர்கள் நடுவே அக்னியூ அம்மையார் செய்தது என்ன? அகராதியும் இல்லை, பெரிய நூலும் இல்லை. வாசிப்பு, எழுத்து, கணக்கு, தையல், வேதபாடம், ஜெபம். விடுதியில் இருந்து படித்தவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்லவேண்டியதில்லை. இரவிற் காய்ச்சல் காணும் பிள்ளை, வீட்டை நினைத்து அழும் பிள்ளை, மணியடித்தும் எழும்பாத பிள்ளை. ஒரு நாளைக்கு அது பெரிய காரியம் அல்ல. நாற்பது வருடத்துக்கு அது பெரிய காரியம்.

ஆரம்ப காலத்தில் படித்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்று பெற்றோர் அஞ்சினார்கள். உணவும் உடையும் கொடுத்து, படிப்பு முடித்துக் கலியாணமாகும்போது சீதனமும் தருவதாக மிஷன் உறுதிகூறிய பின்பே பிள்ளைகள் வந்தார்கள். அக்னியூ அம்மையார் ஓய்வு பெறுவதற்குள் நிலைமை தலைகீழாயிற்று. பெற்றோர் தாமாகவே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். படித்த வாலிபர்கள் உடுவிலிற் படித்த பெண்ணைத் தேடினார்கள். இந்த மாற்றம் மேடைப் பேச்சினால் வந்ததல்ல. ஒரு வீட்டு மருமகளைப் பார்த்து அடுத்த வீடு மனம் மாறியதால் வந்தது. பொஸ்ரனிலிருந்து வந்த தூதுக்குழுவின் ஆலோசனைக்குப் பின் 1855இல் புகழ்பெற்ற வட்டுக்கோட்டை செமினரியே மூடப்பட்டது. உடுவிலோ நடந்துகொண்டிருந்தது.

விடுமுறை வந்தால் அவர் கிராமங்களுக்குப் போவார். படித்து முடித்துக் கலியாணமாகிப் போன தம் பிள்ளைகளை வீடு வீடாகச் சென்று பார்ப்பார். இன்று பழைய மாணவியர் சங்கம் செய்யும் வேலையை, சங்கம் என்ற ஒன்று இல்லாத காலத்தில், ஒரு பெண் தனியே செய்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. அதனால்தான் அவர் காலத்திலேயே முதல் மாணவியரின் பிள்ளைகளும், சிலரின் பேரப்பிள்ளைகளுங்கூட அவரிடம் படிக்க வந்தார்கள். அவரிடம் படித்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். ஆயிரம் புதல்விகளின் தாய் என்ற பெயர் அவருக்கு அப்படித்தான் வந்தது. அவர்களில் 600க்கும் மேற்பட்டோர் கிறிஸ்தவர்களாய் வெளியேறினார்கள் என்று மிஷன் வரலாறு கூறும்.

தம்மில் யார் பெரியவன் என்று சீஷர்கள் வழியிலே தர்க்கித்தபோது, ஆண்டவர் கப்பர்நகூமில் ஒரு வீட்டிற்குள் சிறுபிள்ளை ஒன்றை அவர்கள் நடுவே நிறுத்தினார் என்று மாற்கு எழுதுகிறார். அதைப் பற்றிப் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். பெரும்பாலானவை நாம் பிள்ளையைப்போல் ஆகவேண்டும் என்று முடியும். மாற்கு சொல்வது வேறு: அந்தப் பிள்ளையை ஏற்றுக்கொள்வது. பிள்ளை யாருக்கும் பதவி தராது, நன்றி சொல்லவும் மறந்துவிடும். அதை ஏற்றுக்கொண்டு நாளைக் கழிப்பவருக்கு ஊரிற் பெயர் இல்லை. சங்கத்துக்குத் தம் விபரங்களை அனுப்பும்படி கேட்டால், எழுத என்ன இருக்கிறது, சும்மா வீட்டில்தானே இருக்கிறேன் என்று ஒதுங்கும் தோழியரை நினைத்தே இதை எழுதுகிறேன். ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் வவுனியாவிலும் அவர்கள் இருக்கிறார்கள். ஒருத்தி படுக்கையிலிருக்கும் மாமியாரைப் பார்க்கிறாள். ஒருத்தி ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாட் பாடசாலை நடத்துகிறாள். அக்னியூ அம்மையாரிடம் படித்த ஆயிரம் பேரில் எத்தனை பெயர் நமக்குத் தெரியும்? ஆனால் வடபகுதிக் கிராமங்களில் தாய் மடியில் எழுத்தறிந்த எத்தனையோ பேரின் பின்னால் அந்தப் பெயர் தெரியாதவர்கள் இருந்தார்கள்.

1879இல் பொறுப்பை இளையவரான சூசன் ஹௌலண்ட் அம்மையாரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் விலகினார். வந்த நாளிலிருந்து 43 வருடங்களில் ஒருமுறையேனும் அவர் சொந்த நாட்டுக்குப் போகவில்லை. ஓய்வு பெற்றபின்பும் போகவில்லை. மானிப்பாயில் லீச் சகோதரிகளான மேரி, மார்கிரற் ஆகியோருடன் தங்கினார். அங்கே 1883 ஆனி மாதம் 14ஆம் திகதி காலமானார்.

கடைசி நாட்களில், அருகிலிருந்த ஊழியர் ஒருவர், எதற்காக ஜெபிக்கட்டும் என்று அவரிடம் கேட்டார். தம் வேதனைக்காக அவர் ஒன்றும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காக ஜெபிக்கச் சொன்னார். அந்த நேரத்தில் அந்த வீட்டின் ஒவ்வொரு அறையும் யாழ்ப்பாணத்துப் பெண்களால் நிறைந்திருந்தது. எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். தங்கள் தாயைப் பார்க்க வந்திருந்தார்கள்.